ஜன்னல் பக்கத்து மேசை

மந்தைவெளி,
15.4.2024

அன்புத் தம்பி சக்திவேலுக்கு,

அக்கா ஜெயபாரதி எழுதுவது. நானும் அத்தானும் தாரணியும் சுகமாக இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் புது ஆபீஸின் மாடிப்படியைப் பார்த்து மிரண்டு போயிருக்கிறது. உனக்குச் சர்க்கரை எவ்வளவு என்று போன வாரம் பார்த்திருப்பாய். மறைக்காமல் எழுது.

மந்தைவெளிக்கும் தி.நகருக்கும் நடுவே நாலு சிக்னல், இதற்குக் கடிதமா என்று சிரிப்பாய். வக்கீல் இனாயத் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கம்பெனியின் உரிமத்தில் ஒன்பது வருஷம் நடத்திய தி.நகர் கிளையை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொந்தப் பெயரில் வீட்டுத் தரகு ஆபீஸ் திறந்தவள் நான். அதே கிளையை இப்போது நடத்துகிறவன் நீ. ஒப்பந்தப்படி இரண்டு வருஷத்துக்கு, 2026 மார்ச் 31 வரைக்கும், அந்தக் கிளையின் வாடிக்கையாளர், ஊழியர், கிளை நடத்துகிறவர் யாரையும் நான் என் பக்கம் இழுக்கக் கூடாது. “போன்ல குட் மார்னிங் அனுப்பினாக்கூட அதை அச்சடிச்சுக் கொண்டு வந்து வைப்பாங்கம்மா” என்கிறார் இனாயத். காகிதத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. உன் பெருங்குடி வீட்டுக்கு அனுப்பினால் தபாலெல்லாம் வாட்ச்மேன் மேசையில் மக்கிப் போகும். அதனால் ஆபீஸுக்கே அனுப்புகிறேன். ஒன்பது வருஷம் எழுதிய விலாசம், கை தானாக எழுதுகிறது.

கிளையை நீ எடுத்துக்கொள் என்று சொன்னவளே நான்தான். வீட்டுக் கடன் உள்ளவன் என் பின்னால் வந்து தெருவில் நிற்க வேண்டாம் என்றேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

புது ஆபீஸ் ஒரு மாவு மில்லுக்கு மேலே ஒற்றை அறை. நாள் முழுக்க மிளகாய் நெடி. உன் மேசை பழைய ஆபீஸில் ஜன்னல் பக்கம் இருக்குமே, அதே மாதிரி இங்கேயும் ஜன்னல் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருக்கிறேன். அதில் யாரையும் உட்காரவிடுவதில்லை. உனக்காகத்தான் கிடக்கிறது. எப்போது வேண்டுமானாலும் வா.

கடைசியில் நல்ல சேதி. தாரணிக்கு வரன் அமைந்துவிட்டது. பையன் பெயர் நிரஞ்சன். தை மாதம் கல்யாணம். தாய்மாமன் நீதான் அவளுக்கு மாலை போட்டுக் கையைப் பிடித்து மணமேடைக்குக் கூட்டி வர வேண்டும். நமக்கு அப்பா அம்மா இல்லை. எனக்கு என்று நிற்க நீ ஒருவன்தான். இப்போதே நாளைக் குறித்துவை.

ஜெயஸ்ரீக்கு இந்த நாத்தனாரின் அன்பு.

இப்படிக்கு,
உன் அக்கா ஜெயபாரதி


பெருங்குடி,
29.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நானும் ஜெயஸ்ரீயும் நலம். உங்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? சர்க்கரை நூற்று அறுபது. சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்காதீர்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. இனிமேல் எழுதுவதை வீட்டு விலாசத்துக்கே எழுதுங்கள். வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆபீஸுக்கு வேண்டாம்.

தாரணி சேதி கேட்டு ஜெயஸ்ரீ துள்ளிக் குதித்தாள். நான் சேலை எடுக்கிறேன். அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டு எழுதுங்கள். தாய்மாமன் சீரில் ஒரு குறையும் இருக்காது.

ஆபீஸில் ஹம்சா உங்களைப் பற்றி அடிக்கடி பேசுகிறாள். நீங்கள் பழக்கிவிட்ட பழக்கம் ஒன்றைக்கூட அவள் விடவில்லை.

வெயில் கடுமையாக இருக்கிறது. மதியத்தில் வெளியே போகாதீர்கள்.

அன்புடன்,
சக்திவேல்


மந்தைவெளி,
20.5.2024

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ சொன்னபடி வீட்டுக்கே எழுதுகிறேன். தாரணிக்கு மாம்பழ மஞ்சள் வேண்டுமாம், அதில் சிவப்புக் கரை. கடையில் கிளிப்பச்சையைக் காட்டி ஏமாற்றினால் மயங்கிவிடாதே.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேள். குளக்கரையில் கீரை வாங்கிக்கொண்டு நிற்கிறேன், எதிரே வேம்பு மாமா வருகிறார். அவர் மச்சினருக்கு வீடு வாங்கிக் கொடுத்தோமே, அந்த மாமாதான்.

“ஏம்மா ஜெயபாரதி, போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கறே? எங்காத்தை வித்துட்டுப் பொண்ணோட போய் இருந்துண்டுடலாம்னு பாக்கறேன். நீ வந்து பாரு” என்றார்.

“மாமா, நான் உங்ககிட்ட வீட்டைப் பத்திப் பேசக் கூடாது. தி.நகர்ல தம்பி இருக்கான், அவனைப் பாருங்க” என்றேன்.

“எங்காத்தை யார் மூலமா விக்கணும்னு கம்பெனி சொல்லுமா? நான் என்ன அவா கொட்டில்ல கட்டின மாடா?” என்று கத்தினார். கீரைக்காரியே பயந்து போனாள். நான் காசைக் கொடுத்துவிட்டு மிச்சம்கூட வாங்காமல் வந்துவிட்டேன். இத்தனை வருஷமாக மயிலாப்பூரில் தலையைக் குனிந்து நடந்ததில்லை. இப்போது தெரிந்த முகம் வந்தால் எதிர் வரிசைக்கு மாறுகிறேன்.

மில்காரி வேறு, “இன்னாம்மா, போர்டு மாட்டிக்கினு வர்றவனையெல்லாம் திருப்பி அனுப்பிக்கினு கீற?” என்று கேட்கிறாள்.

தப்பு என்னுடையதுதான். 2015இல் அந்த ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம். கம்பெனிக்காரன் பத்து இருபதுக்குத்தான் காகிதத்தைக் கொண்டு வந்தான். நாற்பது பக்கத்தையும் பத்து நிமிஷத்தில் போட்டுத் தள்ளினேன். நீதான் பக்கம் பக்கமாகப் புரட்டிக் கொடுத்தாய். பதினேழாம் பக்கத்தில் என்ன இருந்தது என்று நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. நல்ல நேரம் தப்பவில்லை என்ற நிம்மதியில் இருவரும் காபி குடித்தோம்.

ஜூன் 9 ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். வீட்டிலேயேதான். இது குடும்ப விசேஷம், இதை யாரும் கேட்க முடியாது. நீயும் ஜெயஸ்ரீயும் காலையிலேயே வந்துவிடுங்கள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பெருங்குடி,
25.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உங்கள் நலமறிய ஆவல். நிச்சயதார்த்தத்துக்கு வர முடியாமல் போனதற்கு மன்னியுங்கள். கம்பெனி பெங்களூருக்கு வரச் சொல்லிவிட்டது. ஜெயஸ்ரீயையாவது அனுப்பியிருக்கலாம். அவளுக்கும் அன்று காய்ச்சல்.

சேலை எடுத்துவிட்டேன். நீங்கள் சொன்ன அதே மாம்பழ மஞ்சள், சிவப்புக் கரை. பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

அக்கா, ஏப்ரலில் எனக்கு எழுதிய முதல் கடிதத்துக்கு நகல் ஏதாவது வைத்திருக்கிறீர்களா? சும்மாதான் கேட்கிறேன். இல்லையென்றால் பரவாயில்லை.

இங்கே இரண்டு நாளாக மழை. உங்கள் பக்கமும் பெய்ததா?

அன்புடன்,
சக்திவேல்


மந்தைவெளி,
3.7.2024

தம்பிக்கு,

நாங்கள் நலம். மழை பெய்தது. அதைக் கேட்கத்தான் கடிதம் எழுதினாயா?

ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் என்னடா கூட்டம்? ஒன்பது வருஷம் அந்தக் கம்பெனியில் குப்பை கொட்டியவளிடம் சொல்கிறாயே. மாப்பிள்ளையின் அம்மா இரண்டு தடவை கேட்டார், “பொண்ணுக்குத் தாய்மாமன் எங்க?” என்று. வேலையாகப் போயிருக்கிறான் என்றேன். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை, அதுதான் எனக்குச் சுருக்கென்றது. சாயங்காலம் பார்த்தால் தாரணி வாசலில் கிடந்த செருப்புகளை அடுக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடிதத்துக்கு யாராவது நகல் எடுத்து வைப்பார்களா? எதற்குக் கேட்கிறாய்? உன்னை யாராவது மிரட்டுகிறார்களா சக்தி? எதுவாக இருந்தாலும் என்னிடம் சொல். நான் உன்னைத் திட்டுவேன், அடிக்கக்கூடச் செய்வேன், ஆனால் விட்டுவிட மாட்டேன். அது உனக்குத் தெரியும்.

உடனே பதில் எழுது.

அக்கா


மந்தைவெளி,
9.9.2024

சக்திவேலுக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். நான் ஒரு பைத்தியக்காரி.

வெள்ளிக்கிழமை கம்பெனியின் நோட்டீஸ் வந்தது. கிளையை நடத்துகிறவரையே என் பக்கம் இழுக்கப் பார்த்தேனாம், நடுவர் முன்னால் வந்து பதில் சொல்ல வேண்டுமாம். அறுபது பக்கம். இந்தத் தடவை ராகு காலம் பார்க்காமல் எல்லாப் பக்கத்தையும் படித்தேன்.

நாலாவது இணைப்பு என் கடிதம். ஏப்ரலில் உனக்கு எழுதியது. அதன் தலையில் ஊதா மையில் முத்திரை: ‘பெறப்பட்டது, 18 ஏப்ரல், உள்வரவு எண் 212’. அந்த முத்திரையைப் பாண்டி பஜாரில் நின்று செய்து வாங்கி வந்தவளே நான்தான். ஒரு தடவை யாரோ ஒருவரின் மூலப் பத்திரம் ஆபீஸில் காணாமல் போய் நாம் பட்ட பாட்டுக்குப் பிறகு ஹம்சாவிடம் சொன்னேன், ‘இந்த வாசலுக்குள் வருகிற எந்தக் காகிதமும் உறையைப் பிரித்து, முத்திரை போட்டு, பதிவேட்டில் ஏற்றி, ஸ்கேன் எடுத்து, கம்பெனி கணினியில் சேர்க்காமல் யார் மேசைக்கும் போகக் கூடாது. என் பெயருக்கு வந்தாலும் சரி’ என்று. அவள் அப்படியே செய்திருக்கிறாள். அவள்மேல் குற்றமில்லை. காகிதத்துக்குத் தொல்லை இல்லை என்று எழுதிய மகராசி, நான் வைத்த பொறியிலேயே கையை விட்டிருக்கிறேன். ஜன்னல் பக்கத்து மேசையைப் பற்றி எழுதிய நாலு வரிக்கும் கீழே சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள்.

அது போகட்டும். ஐந்தாவது இணைப்பு உன் வாக்குமூலம். ‘என் சகோதரி இக்கடிதத்தின் மூலம் என்னைத் தம் நிறுவனத்தில் சேருமாறு அழைத்தார் என்றே நான் புரிந்துகொண்டேன்.’ கீழே உன் கையெழுத்து. தேதி ஏப்ரல் 26.

ஏப்ரல் 29 அன்று எனக்குக் கடிதம் எழுதினாய். தாரணிக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டாய். கையெழுத்துப் போட்டு மூன்று நாள் கழித்து. வெயிலில் போகாதே என்றுகூட எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே கையெழுத்துதான்.

இதற்கு என்ன சொல்கிறாய்?

ஜெயபாரதி


பெருங்குடி,
20.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் கடிதம் என் கைக்கு வரும் முன்பே கம்பெனியின் கணினிக்குப் போய்விட்டது. அன்று மாலை மண்டல மேலாளர் கூப்பிட்டார். ஒரு வாரம் விடவில்லை. வாக்குமூலத்தை அவர்களே எழுதிக் கொண்டு வந்தார்கள். நான் கையெழுத்துப் போடாவிட்டால் நானும் கூட்டு என்று வைத்துக் கிளை உரிமத்தை எடுத்துவிடுவோம் என்றார்கள். “சும்மா ஃபைலுக்குத்தான் சார், வெளிய எங்கயும் போகாது” என்றார் மேலாளர். நான் நம்பினேன். வேறு வழி இல்லை அக்கா, என்னை அப்படி மடக்கிவிட்டார்கள்.

உங்களிடம் சொல்ல ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்தேன். எழுதி முடித்துப் பார்த்தால் மழையைப் பற்றி எழுதியிருப்பேன்.

நடுவர் முன்னால் நீங்கள் என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம். என்னைப் பொய்யன் என்று சொன்னாலும் சரிதான். ஒன்று மட்டும். தாரணி கல்யாணத்துக்கு நான் வருவேன். மாலை போட நான் வருவேன். அது மட்டும் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

சக்திவேல்


மந்தைவெளி,
18.11.2024

அன்புத் தம்பி சக்திவேலுக்கு,

நாங்கள் நலம். நீ இளைத்துப் போயிருக்கிறாய். ஆழ்வார்பேட்டையில் அந்த நடுவர் அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாயே, அப்போதே பார்த்தேன். போன வருஷத் தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த சட்டை தோளில் தொங்கியது. சர்க்கரையைக் கவனி.

அன்று நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்குப் புரிந்திருக்காது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இனாயத் மிகவும் தெம்பாக இருந்தார். “நீ அங்கேயே இருன்னு அதே லெட்டர்ல நீங்களே எழுதியிருக்கீங்கம்மா. உங்க தம்பியைக் குறுக்கு விசாரணை பண்றேன். அவர் சொன்னது பொய்னு அரை மணி நேரத்துல அவர் வாயாலயே வரவைக்கிறேன். கேஸ் அங்கயே முடிஞ்சது” என்றார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை, ஒரு நாள் முழுக்க ஆசையாக இருந்தது.

பிறகு யோசித்தேன். நீ பொய் சொன்னாய் என்று ஆனால் கம்பெனி உன்னை அன்றைக்கே வெளியே தள்ளும். கூட்டுச் சதி என்று உன்மேல் தனி வழக்கு வரும். அதைவிட, என் வக்கீல் கேட்கக் கேட்க நீ எச்சில் விழுங்கிக்கொண்டு நிற்பதை நான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நீ எட்டாம் வகுப்பில் ஃபெயில் ஆனதை அப்பாவிடம் மறைத்தவள் நான். அதனால்தான் நடுவர் கேட்டதும், ஆமாம், அழைத்தேன் என்று சொல்லிவிட்டேன். இனாயத் பேனாவை மூடி வைத்துவிட்டார். நீ தலையைத் தூக்கவே இல்லை.

உன்மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் நீயே நம்ப மாட்டாய். மூன்று நாள் கழித்துச் சேலையின் நிறம் கேட்டாயே, அதை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனாலும் நீ என் தம்பி.

சமாதான ஒப்பந்தம் போட்டாயிற்று. டிசம்பர் 1 முதல் 2026 மார்ச் 31 வரை, பட்டியலில் உள்ள பதினொரு பேரோடு எனக்கு நேரிலோ, போனிலோ, தபாலிலோ, இன்னொருவர் மூலமோ எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. பட்டியலில் முதல் பெயர் உன்னுடையது. குடும்ப விசேஷங்கள் நீங்கலாக என்று ஒரு வரி சேர்க்க இனாயத் எவ்வளவோ போராடினார். மண்டல மேலாளர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “மேடம், பாதி வீடு கல்யாண மண்டபத்துலதான் கை மாறும்னு பயிற்சி வகுப்புல சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே” என்றார். சொன்னேன்தான். அதை அவர்கள் அச்சடித்தே வைத்திருக்கிறார்கள்.

ஆகையால் சக்தி, பிப்ரவரி 2ஆம் தேதி கல்யாணத்துக்கு நீ வரக் கூடாது. வந்தால் நானும் சிக்குவேன், நீயும் சிக்குவாய். ஜெயஸ்ரீயையும் அனுப்பாதே, அதுவும் ‘இன்னொருவர் மூலம்’தான். நீ கடிதம் போட்டால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். மனக்கசப்பு என்று நினைக்காதே. கையெழுத்துப் போட்டுவிட்டேன், இந்தத் தடவை படித்துவிட்டுப் போட்டேன்.

தாரணியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. மாத்திரையை மறக்காதே.

உன் அக்கா,
ஜெயபாரதி


பெருங்குடி,
4.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். தாரணியும் மாப்பிள்ளையும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். இதைப் பிரிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். எப்படியோ ஒரு ஓரத்தைக் கிழித்தாவது படித்துவிடுவீர்கள் என்று ஒரு நம்பிக்கை.

ஜனவரி 27 அன்று கிளையைக் கம்பெனியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான் அவர்கள் ஆள் இல்லை என்று ஆகிவிட்டால் பட்டியலிலிருந்து என் பெயர் போய்விடும், கல்யாணத்துக்கு வந்துவிடலாம் என்று நினைத்தேன். மேலாளர் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்ட பிறகு, “பட்டியல் பட்டியல்தான் சார். வேலையை விட்ட மறு வாரமே அக்கா வீட்டுக் கல்யாணத்துல போய் நின்னீங்கன்னா, அவங்க உங்களை இழுத்தாங்கன்னு நாங்க சொன்னது உண்மைன்னு நீங்களே காட்டின மாதிரி ஆயிடும்” என்றார். கேட்டுவிட்டுக் கொடுத்திருக்கலாம். நம் இருவருக்குமே கையெழுத்துப் போட்ட பிறகுதான் புத்தி வரும்போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பட்டு வேட்டி கட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். மடியில் தாரணியின் சேலை. ஒன்பதரைக்கு முகூர்த்தம் என்று அத்தான் முன்பு சொன்னது நினைவிருந்தது. பத்தே முக்காலுக்கு ஜெயஸ்ரீ வந்து, “எழுந்திருங்க, வேட்டியை மாத்திக்கோங்க” என்றாள். அதன் பிறகுதான் அழுதேன்.

அக்கா, செப்டம்பரில் எழுதிய கடிதத்தில் ஒன்றை மறைத்தேன். யாரும் என்னை மடக்கவில்லை. ஒரு வாரம் விடவில்லை என்றதும் பொய். மேலாளர் ஒரே தடவைதான் வந்தார். அக்காவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றால் அவர் என்ன செய்திருப்பார்? ஒரு நாள் பொறுத்திருப்பார். நான் கேட்கவில்லை. கிளை என் பெயருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கண்ணாடிக் கதவில் என் பெயரை அப்போதுதான் ஒட்டியிருந்தார்கள். ஒன்பது வருஷமாக எல்லோரும் ‘ஜெயபாரதி மேடத்தோட தம்பி’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதல் தடவையாக ‘சார்’ என்றார்கள். அது போய்விடுமோ என்று பயந்து கையெழுத்துப் போட்டேன். உங்களைவிட அந்தக் கதவு எனக்குப் பெரிதாக இருந்தது. இவ்வளவுதான் உண்மை. இதை எழுத எனக்குப் பத்து மாதம் ஆகியிருக்கிறது.

நடுவர் முன்னால் நீங்கள் ‘ஆமாம்’ என்றபோது எழுந்து, ‘இல்லை, என் அக்கா அழைக்கவில்லை’ என்று சொல்ல வேண்டும் என்று கால் துடித்தது. துடித்தது, எழவில்லை.

இந்த வீட்டை விற்கக் கொடுத்துவிட்டேன். மாதக் கடைசியில் நாகர்கோவில் போகிறோம். வடசேரியில் ஜெயஸ்ரீயின் அண்ணன் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அங்கேதான் இருப்பேன். விலாசமும் புது நம்பரும் இந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பழைய நம்பர் ஆபீஸ் நம்பர், திருப்பிக் கொடுத்தாயிற்று. எனக்கும் இப்போது அதே இரண்டு வருஷக் கெடு, 2027 ஜனவரி வரை. அது முடியாமல் உங்கள் வாசலை மிதித்து இன்னொரு தடவை உங்களை மாட்டிவிட மாட்டேன். உங்கள் கெடு முடிந்ததும் நீங்களாக ஒரு வரி எழுதினால் போதும். எழுதாவிட்டால், எனக்கு அது வேண்டியதுதான் என்று இருந்துகொள்வேன்.

மாம்பழ மஞ்சள் சேலை என்னிடமே இருக்கிறது.

உங்கள் தம்பி,
சக்திவேல்

(உறையின் மேல்: பெறுநர் வாங்க மறுத்தார். அனுப்பியவருக்குத் திருப்பப்படுகிறது.)


மந்தைவெளி,
1.4.2026

என் தம்பி சக்திக்கு,

எல்லோரும் சுகம். நீ சுகமா? ஜெயஸ்ரீ சுகமா? சர்க்கரை எப்படி இருக்கிறது? பதினாறு மாதத்துக் கேள்வியை ஒரே வரியில் கேட்கிறேன்.

நேற்றோடு கெடு முடிந்தது. காலையில் பல் தேய்த்ததும் உன் நம்பருக்கு அடித்தேன். உபயோகத்தில் இல்லை என்றது. சிம் மாற்றியிருப்பாய். பரவாயில்லை, நமக்குத்தான் காகிதம் இருக்கிறதே.

உன் கடிதம் மூன்று தடவை வந்தது. தபால்காரர் கையில் இருக்கும்போதே உன் எழுத்து தெரிந்துவிடும். மூன்றையும் தொடாமல் திருப்பினேன். தொட்டால் பிரித்துவிடுவேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசினேன். பதிவேட்டில் மட்டும் எழுதி வைத்தேன், ‘சக்திவேல், பெருங்குடி, திருப்பப்பட்டது’ என்று. கடைசியாக வந்தது போன வருஷம் பிப்ரவரியில். அது கொஞ்சம் கனமாக இருந்தது என்று தபால்காரர் சொன்னார். அதற்குப் பிறகு நீ எழுதவில்லை. கோபமா? இருக்கட்டும். தி.நகரில் அந்தத் தெருப் பக்கம்கூட நான் போகவில்லை. யாராவது உன் பேச்சை எடுத்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவேன். ஒரு சொல் காதில் விழுந்தால்கூட ஓடி வந்துவிடுவேனோ என்று பயம்.

கல்யாணத்தைப் பற்றிச் சொல்கிறேன். “பொண்ணுக்குத் தாய்மாமன் வரலாம்” என்று ஐயர் கூப்பிட்டார். அத்தானின் பெரியம்மா பையன், “நான் நின்னுக்கறேன்” என்று முன்னால் வந்தார். தாரணி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தட்டிலிருந்து மாலையைத் தானே எடுத்து, கழுத்தில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, தனியாக மணமேடைக்கு நடந்து வந்தாள். மண்டபமே பார்த்தது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குக்கூட எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை சக்தி. நீ சாப்பிட்டாயோ இல்லையோ என்றுதான் இருந்தது.

கேள், உனக்கு இன்னொரு வாய்ப்பு வந்திருக்கிறது. தாரணிக்கு ஆறாம் மாதம். மே 3 ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. முதல் வளையல் மாமாதான் போட வேண்டும் என்கிறாள். அந்த மாம்பழ மஞ்சள் சேலை உன் பீரோவில் இருக்குமே, அதை எடுத்துக்கொண்டு வா. பெருங்குடியிலிருந்து ரயில் ஏறினால் அரை மணி நேரம்.

வாக்குமூலத்தைப் பற்றி நீ ஒன்றும் விளக்க வேண்டாம். எனக்கு வேண்டியதில்லை. அந்த மூன்று கடிதத்தையும் வைத்திருந்தால் கொண்டு வா, மில்லில் மிளகாய் அரைக்கும் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல் நீயே படித்துக் காட்டு.

ஜன்னல் பக்கத்து மேசையைத் துடைத்து வைத்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் அக்கா தம்பி பாசத்தில் எழுதியதைத் தொழிலுக்கு அழைத்ததாகச் சொன்னார்கள். இன்றைக்கு நிஜமாகவே அழைக்கிறேன். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, முழு மனதோடு அழைக்கிறேன். யார் வேண்டுமானாலும் இதை ஸ்கேன் எடுத்துக்கொள்ளட்டும்.

வந்துவிடு சக்தி.

உன் அக்கா,
ஜெயபாரதி

(உறையின் மேல்: விலாசதாரர் இவ்விடம் விட்டுச் சென்றுவிட்டார். புது விலாசம் தெரியவில்லை. அனுப்பியவருக்குத் திருப்பப்படுகிறது.)